200 நாள் இருப்பு, 180 நாள் கோடை: கணக்கு எங்கே இடிக்கிறது?

மதகடி (இழையைத் தொடங்கியவர்)

சிறு நகரக் குடிநீர்த் திட்டம் ஒன்றின் கணக்கைக் கீழே வைக்கிறேன். விவாதத்துக்காக எண்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

மக்கள் 50,000, இணைப்புகள் 10,000. குழாயில் ஏற்றுவது நாளொன்றுக்கு 9,000 கன மீட்டர், அதாவது 90 லட்சம் லிட்டர். வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகை 6,000 கன மீட்டர். ஏரியில் எடுக்கக்கூடிய இருப்பு 18 லட்சம் கன மீட்டர், நீர்ப்பரப்பு 100 ஹெக்டேர். ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 3,000 கன மீட்டர் தரும். அடுத்த மழைக்கு 180 நாள்.

18 லட்சத்தை 9,000-ஆல் வகுத்தால் 200 நாள். 30 ஆண்டு சராசரியைப் பார்த்தால் ஏரி ஒவ்வொரு பருவத்திலும் நிரம்பிவிடும் என்றே தெரிகிறது. இதை நம்பி இருக்கலாமா? இல்லை, இன்னும் நாலு கிணறு போடுவது, சிறு கடல்நீர் ஆலை அமைப்பது என்று இப்போதே இறங்க வேண்டுமா?

---

நீர்க்கணக்கு

கிணறு, ஆலை எல்லாம் அப்புறம். உங்கள் 200 நாளில் ஆவியாதலே இல்லையே.

1 ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் என்பது 10 கன மீட்டர். வெயில் காலத்தில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். 100 ஹெக்டேருக்கு அது 6,000 கன மீட்டர். ஊர் குடிப்பது 9,000, வெயில் குடிப்பது 6,000. 15,000-ஆல் வகுத்தால் 120 நாள்தான்.

நீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்குவதால் உண்மை இதைவிடக் கொஞ்சம் தேவலை. சராசரிப் பரப்பு 70 ஹெக்டேர் என்று வைத்தால் ஆவியாதல் 4,200, மொத்தம் 13,200, ஆக 136 நாள். சரியாகச் செய்ய, நீர்மட்டம்–பரப்பு–கொள்ளளவு அட்டவணை வைத்துக்கொண்டு பத்து நாளுக்கு ஒருமுறை கழித்துக்கொண்டே வாருங்கள். அந்த அட்டவணை ஏரி வெட்டிய காலத்தது என்றால் வண்டல் அளவை முடியும்வரை அதை நம்பாதீர்கள். வண்டல் அடியில் படிவதால் அளவுகோல் காட்டும் மட்டம் மாறாது, கொள்ளளவு மட்டும் போயிருக்கும்.

ஆவியாதலுக்கு ஆவிமானித் தட்டின் அளவை 0.7-ஆல் பெருக்கலாம். அதுவும் இல்லையென்றால், மழையில்லாத, காற்றடங்கிய ஒரு நாளில் பம்பை 24 மணி நேரம் நிறுத்திவிட்டு மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஆவியாதலும் கசிவும் சேர்ந்து வரும். இருப்புக் கணக்குக்கு அதுதான் வேண்டும். அன்றைக்கு ஏரிக்குள் எந்த ஓடையும் வரக்கூடாது, பாசன மதகு மூடியிருக்க வேண்டும்.

எடுக்கக்கூடிய இருப்பு சராசரியாக 1.8 மீட்டர் ஆழம்தான் வருகிறது. இந்த மாதிரி அகன்ற, ஆழமற்ற ஏரிகளுக்கு வெப்பநிலை ஏற்றம் இரட்டை அடி: பரப்பு பெரிது, நீரும் சீக்கிரம் சூடேறும்.

---

நீர்க்கணக்கு

சராசரி பற்றித் தனியாக.

30 ஆண்டு சராசரியில் தப்பில்லை, அது எந்த 30 ஆண்டு என்பதில்தான் சிக்கல். 1922-ல் அமெரிக்காவில் கொலராடோ ஆற்று நீரைப் பங்கிட்டபோது மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர்), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்று எழுதினார்கள். 1944-ல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. அவர்கள் பார்த்த ஆண்டுகள் அசாதாரணமாக ஈரமானவை. 2000-க்குப் பிறகு அந்த ஆற்றின் சராசரி வரத்து சுமார் 125 லட்சம். எழுதிக் கொடுத்ததற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மீட், பாவல் நீர்த்தேக்கங்கள்தான் தாங்கின.

இரண்டாவது, மழை குறைகிற விகிதத்திலேயே வரத்தும் குறையும் என்று நினைப்பது. மண் தன் பங்கைக் குடித்த பிறகுதான் மிச்சம் ஓடையில் வரும். அதனால் மழை 10 சதவீதம் குறைந்தால் வரத்து 20 முதல் 30 சதவீதம் குறைவது பல படுகைகளில் காணக்கூடியது. இதன் கடைசி எல்லைக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த். 1970-களின் நடுவிலிருந்து அங்கே மழை 20 சதவீதம் அளவுக்குக் குறைய, அணைகளுக்கு வரும் நீர் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. நிலத்தடி நீர்மட்டம் ஓடைப் படுகைக்குக் கீழே இறங்கிவிட்டால், பெய்கிற மழை முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும்.

எனவே திட்டத்தைச் சராசரி ஆண்டில் சோதிக்காதீர்கள். பதிவில் உள்ள மிக வறண்ட இரண்டு ஆண்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். அந்த மழையில் 10, 20 சதவீதம் குறைத்து ஒருமுறை ஓட்டுங்கள். ஆவியாதலை 5, 10 சதவீதம் கூட்டி ஒருமுறை. பருவத்தை 45 நாள் தள்ளி ஒருமுறை. பெரும்பாலான சிறு திட்டங்கள் கடைசிச் சோதனையில்தான் விழும், ஏனென்றால் யாரும் அதைச் செய்து பார்ப்பதே இல்லை.

---

வால்வுக்காரர்

நீர்க்கணக்கு ஐயா வரவைப் பார்த்துட்டார், நான் செலவைப் பார்க்கிறேன்.

9,000 ஏத்துறீங்க, 6,000-க்குத்தான் கணக்கு இருக்கு. 3,000 எங்கே? உங்க கிணறு எல்லாம் சேர்ந்து தர்ற அளவு அது.

முதல் வேலை, பிரதான மீட்டர் உண்மை சொல்லுதான்னு பார்க்கணும். பம்புக்கும் வளைவுக்கும் ஒட்டி மாட்டின மீட்டர் பொய் சொல்லும். மீட்டருக்கு முன்னால குழாய் விட்டத்தைப் போல 5 முதல் 10 மடங்கு நேர்க்குழாய் வேணும், குழாய் முழுசா நிரம்பி ஓடணும். சோதிக்கிறதுக்கு மேல்நிலைத் தொட்டியே போதும். வெளியேறும் வால்வை மூடிட்டு ஒரு மணி நேரம் ஏத்துங்க, நீளம் × அகலம் × ஏறின உயரம் போட்டு மீட்டரோட ஒப்பிடுங்க. 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா மத்த எந்தக் கணக்கும் வேண்டாம், மீட்டரை மாத்துங்க.

அடுத்தது இரவு ஓட்டம். நடுராத்திரி 2 முதல் 4 மணி வரை வெளியேறும் ஓட்டத்தைப் பதிவு பண்ணுங்க. உதாரணத்துக்கு மணிக்கு 150 கன மீட்டர்னு வெச்சுக்குவோம். உண்மையிலேயே ஆள் எழுந்து பயன்படுத்துறது இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர்னு போட்டா 10,000 இணைப்புக்கு 20 கன மீட்டர். மிச்சம் 130 கசிவு. அதை 24-ஆல பெருக்கக்கூடாது. ராத்திரி அழுத்தம் அதிகம், கசிவும் அதிகம், பகல்ல குறையும். 20-ஆல பெருக்குங்க: 2,600. ஆக 3,000-ல 2,600 மண்ணுக்குள்ள போகுது, 400 தான் ஓடாத மீட்டர், திருட்டு இணைப்பு வகையறா.

---

மதகடி

ஒரு சந்தேகம். வீடுகளில் கீழ்த்தொட்டி, மாடித்தொட்டி இருக்கிறது. பல பகுதிகளில் விட்டுவிட்டுத்தான் விநியோகம். இரவில் வருவது கசிவா, தொட்டி நிரம்புவதா என்று எப்படிப் பிரிப்பது?

---

வால்வுக்காரர்

சரியான கேள்வி. இரவு ஓட்டத்தை அப்படியே எடுத்து ஏமாந்து போறவங்க இங்கேதான் ஏமாறுறாங்க.

500 முதல் 1,000 இணைப்பு இருக்கிற ஒரு பகுதியை மட்டும் பிரிங்க. எல்லை வால்வு எல்லாத்தையும் மூடி, உள்ளே வர்ற வழியையும் மூடுங்க. உள்ளே அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கணும். இறங்கலைன்னா எங்கேயோ ஒரு வால்வு பிடிக்கலை, இல்லை வரைபடத்துல இல்லாத குழாய் ஒண்ணு இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம மேல போகாதீங்க. அப்புறம் ஒரே ஒரு வழியைத் திறந்து, அந்தப் பகுதிக்கு மட்டும் 48 மணி நேரம் இடைவிடாம தண்ணி குடுங்க. முதல் நாள் எல்லாத் தொட்டியும் நிரம்பி மிதவை வால்வு மூடிடும். ரெண்டாவது ராத்திரி 2 மணிக்கு என்ன ஓடுதோ அது கசிவு, கூடவே கெட்டுப்போன மிதவை வால்வு. வழியிற மாடித்தொட்டியைத் தெருவில நின்னே எண்ணிடலாம்.

அதே ராத்திரி தெருத்தெருவா வால்வை மூடிக்கிட்டே வாங்க. எந்தத் தெருவை மூடினா ஓட்டம் சட்டுன்னு விழுதோ அங்கேதான் ஓட்டை. கசிவுச் சத்தம் கேக்குற ஒலிக்கம்பியைத் தூக்கிட்டு ஊர் பூரா அலைய வேண்டாம். பிளாஸ்டிக் குழாய்ல சத்தம் தூரம் போகாதுங்கிறதையும் மனசுல வெச்சுக்குங்க. இரும்புக் குழாய்ல கேக்குற தூரத்தை நம்பி பிவிசியில கேட்டா ஒண்ணும் கேக்காது.

பெரிய குழாய் உடைஞ்சாதான் எல்லாரும் ஓடி வருவாங்க. நொடிக்கு 10 லிட்டர் பீய்ச்சி அடிக்குது, 12 மணி நேரத்துல அடைச்சாச்சுன்னா போனது 432 கன மீட்டர். தெருக்குழாயில வீட்டுக் குழாயை மாட்டுற சேணத்துல நொடிக்கு அரை லிட்டர் மண்ணுக்குள்ள போய்க்கிட்டிருக்கு, யாரும் பார்க்கலை, 180 நாள் ஓடுது: 7,776 கன மீட்டர். கசிவோட எண்ணிக்கையில பெரும்பங்கு இந்த வீட்டு இணைப்புலதான்.

---

குழாய்_அழுத்தம்

வால்வுக்காரர் அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓட்டையைத் தேடுவதற்கு முன்பே அழுத்தத்தைக் குறைத்தால் எல்லா ஓட்டையிலும் ஒரே நாளில் கசிவு குறையும், கண்டுபிடிக்க முடியாத மயிரிழைக் கசிவுகளிலும்கூட. கசிவு அழுத்தத்தின் அடுக்காக மாறும். இரும்புக் குழாயில் விறைப்பான துளைக்கு அடுக்கு 0.5, நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய்க்கு 1.5 வரை. கலப்பான வலையமைப்புக்கு 1 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அழுத்தம் (தண்ணீர் ஏறி நிற்கும் உயரத்தில் அளப்பது) 50 மீட்டரிலிருந்து 35-க்கு வந்தால் 30 சதவீதம் குறையும். 2,600-ல் 30 சதவீதம் 780 கன மீட்டர். புதுக் குழாய் வெடிப்புகளும் குறையும்.

இதற்கு அழுத்தக் குறைப்பு வால்வு, அதாவது பிஆர்வி. மாட்டும்போது வழக்கமாகக் கெடுகிற இடங்களைச் சொல்கிறேன்.

குழாய் 200 மில்லிமீட்டர் என்பதற்காக வால்வும் 200 வாங்குவார்கள். அளவைத் தீர்மானிப்பது ஓட்டம்தான், குழாய் விட்டம் இல்லை. பெரும்பாலும் ஓர் அளவு சிறியதே சரியாக இருக்கும். பெரிதாகப் போட்டால் இரவின் சின்ன ஓட்டத்தில் வால்வு மூடுவதும் திறப்பதுமாகத் துடிக்கும், அந்த அதிர்வே குழாயை உடைக்கும். முன்னால் வடிகட்டி கட்டாயம். கட்டுப்பாட்டு நுண்குழாயில் ஒரு மணல் துகள் அடைத்தால் வால்வு முழுசாகத் திறந்து நின்றுவிடும், காலையில் தெருவே பீய்ச்சும். நுழையும் அழுத்தம் வெளியேறும் அழுத்தத்தைவிட 3 மடங்குக்கு மேல் இருந்தால் குமிழி வெடித்து உலோகத்தை அரிக்கும், அங்கே இரண்டு வால்வை வரிசையாகப் போடுங்கள். இருபுறமும் அழுத்தமானி, பராமரிப்புக்குப் பக்கவழி, காற்று வெளியேற்றி. பக்கவழி வால்வை யாரோ திறந்துவிட்டுப் போய், ‘பிஆர்வி வேலை செய்யவில்லை’ என்று புகார் வருவது வாடிக்கை.

எவ்வளவு குறைப்பது என்பதை மிக மேடான அல்லது கடைசி வீடு முடிவுசெய்யும். அங்கே ஏழு நாள் அழுத்தப் பதிவு எடுத்து, உச்ச நேரத்திலும் 10 முதல் 15 மீட்டர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே திருகுங்கள்.

---

நிலத்தடி

கிணறு பக்கம் வருகிறேன். நாளொன்றுக்கு 3,000 தரும் என்பது பம்பின் திறன். நிலம் அதை எத்தனை நாள் தரும் என்பது வேறு எண். கோடை முழுக்க எடுத்தாலும் நீர்மட்டம் பம்புக்குக் கீழே போகாமல், உவர்நீர் ஏறாமல் எவ்வளவு எடுக்கலாம் என்று இறைப்புச் சோதனையிலும் கண்காணிப்புக் கிணறுகளிலும் பாருங்கள். வாதத்துக்கு அது 3 லட்சம் கன மீட்டர் என்போம். ஆக 100 நாள்.

கடலோரம் என்றால் கூடுதல் கவனம். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் அடியில் சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். அந்த ஒரு மீட்டரை இழந்தால் கீழிருந்து உப்பு ஏறும், ஏறிய உப்பு விலகப் பல ஆண்டாகும். ஒரே ஆழக்கிணற்றில் உறிஞ்சுவதைவிடப் பல கிணறுகளில் பிரித்து மெதுவாக எடுப்பது நல்லது. உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறனை வாரம் ஒருமுறை எழுதுங்கள், அது ஏறத் தொடங்கினால் நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.

இப்போது முக்கியமான கேள்வி: எதை முதலில் எடுப்பது? இரண்டையும் முதல் நாளிலிருந்தே கலந்து எடுப்பதுதான் பலரும் செய்வது. அகன்ற ஏரிக்கு அது தவறு. ஏரியில் விட்டுவைத்த நீர் ஆவியாகும், நிலத்தடியில் விட்டுவைத்தது ஆகாது. ஏரியை முதலில் இறக்குங்கள்.

---

நீர்க்கணக்கு

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு வரம்போடு. கிணற்றைக் கடைசிவரை வைத்திருந்தால், ஏரி தீர்ந்த அன்று கையில் நாளொன்றுக்கு 3,000-தான் இருக்கும். 50,000 பேருக்கு 60 லிட்டர், அதுவும் கசிவே இல்லாத குழாயில். கிணற்றில் நீர் மிச்சமிருந்தும் பம்பின் வேகம் போதாமல் ஊர் தவிக்கும்.

ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். மழைக்கு 180 நாள், கிணறு 100 நாள் ஓடும், எனவே 80-ஆம் நாள் கிணற்றைத் தொடங்க வேண்டும். முதல் 80 நாள் ஏரி மட்டும்: 9,000-உடன் ஆவியாதல் சுமார் 5,100, மொத்தம் 14,100. எண்பது நாளில் 11.3 லட்சம் போய், 6.7 லட்சம் மிஞ்சும். அடுத்த 100 நாள் ஏரியிலிருந்து 6,000, சுருங்கிய பரப்பில் ஆவியாதல் 3,000, மொத்தம் 9,000. தேவை 9 லட்சம். பற்றாக்குறை 2.3 லட்சம் கன மீட்டர். கடைசி 25 நாள் ஏரி வறண்டிருக்கும்.

இந்த 2.3 லட்சத்தை எப்போது சேமிக்கத் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். முதல் நாளிலிருந்து என்றால் நாளொன்றுக்கு சுமார் 1,280. சீக்கிரம் சேமித்த நீரிலும் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். 80-ஆம் நாள் விழித்தால் 2,300. 130-ஆம் நாள் விழித்தால் 4,600, அதாவது ஊருக்குப் பாதித் தண்ணீர்.

1,500 என்பது அழுத்தக் குறைப்பில் 780, மிச்சம் கசிவடைப்பில். யார் வீட்டு வாளியிலும் கை வைக்க வேண்டியதில்லை. 4,600-ஐ அப்படி எடுக்கவே முடியாது.

---

வால்வுக்காரர்

கணக்கு அருமை ஐயா, ஆனா முதல் நாளே 780 கிடைக்காது. பகுதி பிரிக்க, வால்வு குழி கட்ட, பதிவு எடுக்க ஒரு பருவமே ஆகும். ஏரி நிரம்பி வழியுற ஆண்டுலதான் இந்த வேலையைச் செய்யணும், அப்பதான் யாரும் காசு ஒதுக்க மாட்டாங்க.

---

கட்டணப்பிரிவு

காசு பற்றி நான் சொல்கிறேன். சிக்கனம் வெற்றியடைந்தால் வருவாய் விழும், ஆனால் குழாய், ஆட்சம்பளம், கடன் தவணை விழாது. வறட்சிக்காலக் கூடுதல் கட்டணத்தை வறட்சி வருவதற்கு முன்பே விதியாக எழுதி வையுங்கள். நடுவில் கொண்டுவந்தால் ‘மிச்சம் பிடித்ததற்கு அபராதமா’ என்றுதான் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

அதிகம் செலவழித்தால் அதிக விலை என்ற படிக்கட்டுக் கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால், தலைக்கு 60 லிட்டர்தான் என்றாலும் மேல்படிக்குப் போய்விடுவார்கள். தோட்டமும் காரும் உள்ள இரண்டு பேர் கீழ்ப்படியில் இருப்பார்கள். எத்தனை பேர் என்ற பதிவு இல்லாமல் படியைச் செங்குத்தாக்காதீர்கள்.

வீட்டுக்குள் எங்கே போகிறது என்று கேட்டால், ஒழுகும் குழாயைவிடக் கழிப்பறைத் தொட்டியைப் பாருங்கள். அடைப்பு ரப்பர் தேய்ந்தால் சத்தமில்லாமல் நாளுக்குச் சில நூறு லிட்டர் போகும். தொட்டியில் கொஞ்சம் சாயத்தைக் கரைத்து 15 நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். பழைய 13 லிட்டர் தொட்டியை 6/3 லிட்டருக்கு மாற்றினால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் குறையும்.

---

மதகடி

கட்டணப்பிரிவு மேடம், ஒரு வாதம் உண்டு. எல்லாரும் ஏற்கெனவே சிக்கனமாக இருந்தால், பெரிய வறட்சியில் குறைப்பதற்கு எதுவும் மிஞ்சாதே?

---

கட்டணப்பிரிவு

உண்மைதான், தேவை இறுகிப்போகும். ஆனால் அது சிக்கனத்தால் மிச்சமான நீரைப் புது இணைப்புக்கு விற்றுவிட்டால்தான் ஆபத்து. மிச்சத்தை ஏரியிலோ நிலத்தடியிலோ வைத்திருந்தால் அது இருப்பு. எழுத்தில் வைக்க வேண்டிய விதி அதுதான்: சேமித்ததில் எத்தனை பங்கு கையிருப்பு, எத்தனை பங்கு வளர்ச்சிக்கு.

---

மதகடி

அப்படியானால் கடைசி வழி விநியோக நேரத்தைக் குறைப்பதுதானா? இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று?

---

குழாய்_அழுத்தம்

கூடியவரை வேண்டாம். குழாய் காலியானால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இழுபடும். தண்ணீர் திரும்பி வரும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், மீட்டர் காற்றிலும் சுற்றும், தண்ணீர் அடிக்கும் அடியில் இணைப்பு விடும். வருகிற இரண்டு மணி நேரத்தில் எல்லாரும் ஒரே சமயம் பிடிப்பதால் கடைசித் தெருவுக்குச் சொட்டுகூட வராது. மேலும், அடுத்த முறை வரும்போது பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிது பிடிப்பார்கள், அதனால் எதிர்பார்த்த சேமிப்பும் வராது. அழுத்தத்தைக் குறைத்து 24 மணி நேரமும் குழாயை நிரப்பி வைத்திருப்பதுதான் மேல்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018-ல் அந்தப் பக்கம்தான் போனது. பிப்ரவரியில் தலைக்கு 50 லிட்டர் வரம்பு, அழுத்தக் குறைப்பு, அணை மட்டம் வாரந்தோறும் வெளியீடு. அணைகள் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடி, பொது இடங்களில் 25 லிட்டர் என்று திட்டம் வைத்திருந்தார்கள். அந்த நாள் வரவில்லை. 2015-ஐ ஒப்பிட்டால் நகரின் பயன்பாடு பாதிக்கும் கீழே போயிருந்தது. அண்டைப் பகுதி விவசாயிகள் சங்கம் தன் அணையிலிருந்து 1,000 கோடி லிட்டர் விட்டதும் உதவியது.

---

மணல்வடி

யாரும் தரத்தைத் தொடவில்லையே. இருப்பு இருந்தும் தண்ணீர் கொடுக்க முடியாத நாள்கள் இனி அதிகமாகும்.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டும். காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் கனமழை மண்ணையும் சாம்பலையும் வாரிக்கொண்டு ஏரிக்கு வரும். கலங்கல் சில மணி நேரத்தில் பத்து என்டியூவிலிருந்து (கலங்கலை அளக்கும் அலகு) பல நூறுக்குப் போகும். மெதுமணல் வடிகட்டி 10–20 என்டியூவுக்கு மேல் தாங்காது, மேல்தோல் அடைத்துவிடும். படிகார அளவை நேற்றைய எண்ணில் விட்டால் கலங்கல் திரளாது. ஜாடிச் சோதனையை அன்றே செய்ய வேண்டும்: ஆறு ஜாடி, ஆறு அளவு, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, 15–20 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி படியவிட்டு மேல்நீரைப் பாருங்கள். படிகாரம் காரத்தன்மையைத் தின்னும். மழைநீரில் அது ஏற்கெனவே குறைவு, எனவே சுண்ணாம்பும் கையில் இருக்கட்டும். முதல் வெள்ளத்தை ஏரிக்குள் விடாமல் தாண்டவிட ஒரு மதகு, இரண்டு நாள் நல்ல நீர் சேமிக்கும் தனிக்குளம், இரண்டும் இருந்தால் பாதிக் கவலை போகும்.

எதிர் முனையில் ஏரி இறங்கும்போது அடிமட்ட நீரில் பிராணவாயு தீர்ந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும், குளோரின் பட்டதும் பழுப்பாகும். மேல்மட்டத்தில் பாசி. ஆகவே உறிஞ்சும் கோபுரத்தில் குறைந்தது மூன்று மட்டத்தில் வாய் வேண்டும். அடி வாய் ஒன்றுதான் இருக்கிறது என்றால், உங்கள் 18 லட்சத்தில் கடைசிப் பத்து சதவீதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: தேவையைக் குறைத்தால் நீர் குழாயில் அதிக நேரம் நிற்கும், வெயிலில் குளோரின் சீக்கிரம் தீரும். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலையில் அளவைக் கூட்டுவதைவிட, நடுவில் ஒரு தொட்டியில் மறுபடி சேர்ப்பது மேல்.

---

மதகடி

ஏரிக்குக் கீழே பாசனமும் உண்டு. அதைச் சொட்டுநீருக்கு மாற்றினால் 40 சதவீதம் மிச்சம் என்கிறார்கள்.

---

நிலத்தடி

யாருக்கு மிச்சம் என்று கேளுங்கள். வாய்க்காலில் 100 பங்கு விட்டால் பயிர் 50, ஆவியாதல் 10, நிலத்தில் இறங்குவது 40 என்போம். சொட்டுநீரில் 60 விடுகிறோம், பயிர் 55, இறங்குவது 5. ஏரியில் எடுப்பது 40 குறைந்தது. ஆனால் கீழே உள்ள உங்கள் கிணறுகளுக்கு வந்த 40 இப்போது 5. உண்மையான மிச்சம் 5 பங்குதான். மிஞ்சிய 40-ஐ வைத்துக் கூடுதல் நிலம் பயிரிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். இறங்கும் நீர் உவர் அடுக்குக்கோ கடலுக்கோ போகிற இடத்தில் மட்டும் சொட்டுநீர் முழு மிச்சம் தரும். பரப்புக்கு உச்சவரம்பு, எடுப்புக்கு மீட்டர், இரண்டும் இல்லாமல் அந்த 40-ஐக் குடிநீர்க் கணக்கில் எழுதாதீர்கள்.

---

நீர்க்கணக்கு

புது ஆதாரம் பற்றி மதகடி முதலில் கேட்டதற்கு.

கடல்நீர் ஆலை மழையைச் சாராது, அதன் ஒரே பலம் அது. ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம், உள்ளே எடுப்பதில் 40–50 சதவீதம்தான் நன்னீர், மீதி இரட்டிப்பு உப்போடு திரும்பிப் போகும். மெல்போர்ன் நீண்ட வறட்சியில் முடிவெடுத்துக் கட்டிய ஆலை 2012-ல் தயாரானபோது அணைகள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன. அதிலிருந்து தண்ணீர் எடுத்தது 2017-ல். நிலையான செலவு அதுவரை நிற்கவில்லை. எனவே நிலம், அனுமதி, குழாய்ப் பாதை ஆகியவற்றை முடித்து வைத்துவிட்டு, இருப்பு எந்தக் கோட்டைத் தொட்டால் கட்டுவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கழிவுநீர் அதைவிட அருகில் இருக்கிறது. ஊர் 6,000 பயன்படுத்தினால் 4,500-க்குக் குறையாமல் சாக்கடையில் வரும், வறட்சியிலும் வரும். நமீபியாவின் விண்டோக் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் சேர்க்கிறது. சிறு ஊருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தொழிற்சாலை, கட்டுமானம், பூங்காவுக்குக் கொடுத்து அவர்கள் இன்று எடுக்கும் நன்னீரை மீட்டால் போதும். தொழிற்சாலைக் கழிவு வீட்டுச் சாக்கடையில் கலக்காமல் பிரித்தால்தான் இது நடக்கும்.

கூரை மழைநீரைப் பொறுத்தவரை, 100 சதுர மீட்டர் கூரை, 600 மில்லிமீட்டர் மழை, 0.8 கெழு (பெய்வதில் கையில் சேரும் பங்கு) என்றால் ஆண்டுக்கு 48,000 லிட்டர். ஆனால் 5,000 லிட்டர் தொட்டி ஒரு கனமழையில் நிரம்பி வழியும், பிறகு மாதக்கணக்கில் காலி. அதனால் வழிவதை மண்ணுக்குள் இறக்குங்கள், முதல் 1–2 மில்லிமீட்டரை வெளியே விட்ட பிறகு.

---

மதகடி

இருப்பு தொட்டால் நடவடிக்கை எடுக்கும் வரம்புக் கோடு பற்றிச் சொன்னீர்கள். அதை எப்படி வரைவது?

---

நீர்க்கணக்கு

சதவீதத்தில் வரையாதீர்கள். மழை முடிந்த மாதத்தில் 50 சதவீதம் அபாயம், மழைக்கு முந்தைய வாரத்தில் அதே 50 வசதி.

கடைசி நாளில் தொடங்கிப் பின்னால் வாருங்கள். மழை வரவேண்டிய நாளில் ஏரியில் இன்னும் 45 நாளுக்கான உயிர்த்தேவை இருக்க வேண்டும்: தலைக்கு 60 லிட்டர், மேலே கசிவு, ஆவியாதல், எடுக்க முடியாத அடிநீர். அதோடு முந்தைய மாதத்தின் எடுப்பையும் ஆவியாதலையும் கூட்டுங்கள், கிணற்றின் பங்கைக் கழியுங்கள். அந்த மாத முதல் தேதியில் இருக்க வேண்டிய அளவு கிடைக்கும். இப்படியே மாதம் மாதமாகப் பின்னோக்கி. இது சாதாரண எடுப்புக்கான கோடு. எடுப்பை 15 சதவீதம் குறைத்து இன்னொரு கோடு, 30 குறைத்து மூன்றாவது. இருப்பு முதல் கோட்டுக்குக் கீழே போனால் தோட்டம், கார் கழுவல் நிற்கும், இரவு அழுத்தம் இறங்கும். இரண்டாவதுக்குக் கீழே போனால் பெரிய பயனாளர் ஒதுக்கீடும் கூடுதல் கட்டணமும் தாமாக நடைமுறைக்கு வரும். மூன்றாவதுக்குக் கீழே தலைக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்பு.

‘தாமாக’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கூட்டம் போட்டு முடிவெடுத்தால், ‘அடுத்த வாரம் மழை’ என்று யாராவது சொல்வார், ஒரு மாதம் போகும். கோட்டைத் தளர்த்துவதற்கும் விதி வேண்டும்: மட்டம் கோட்டுக்கு மேலே போய் இரண்டு வாரம் நின்ற பிறகே.

---

வால்வுக்காரர்

தினம் காலை ஒரே நேரத்துல ஏரி அளவுகோல், பிரதான மீட்டர், கிணத்து மட்டம், ராத்திரி 2 மணி ஓட்டம், கடைசி வீட்டு அழுத்தம், இந்த அஞ்சையும் ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. அளவுகோல் கல் சாய்ஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க மதகடி, பாதி ஏரியில அது சாய்ஞ்சுதான் கிடக்கும்.